விசிலை ஆணியில் மாட்டிய வருடம்

அண்ணனுக்கு, நாயை வைத்து ஆடு ஓட்டும் என் போட்டிகள் மேல் எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு. "அஞ்சு ஆட்டைக் கால் மணி நேரம் சுத்த விடுற. அதுக்கு ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்து மார்க் போடுறார். இங்க நூத்தியெண்பது ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊத்த ஆள் இல்ல" என்பான். நான் பதில் சொல்வதில்லை. என்ன சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். மருந்து ஊற்ற ஆள் இல்லை என்பது உண்மை என்று எனக்கும் தெரியும்.

பண்ணை அப்பா தொடங்கியது. இப்போது அண்ணன்தான் பார்க்கிறான். தீவனம், கணக்கு, வண்டி எல்லாம் அவன். தாய் இல்லாத குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுப்பது அண்ணி. ஆடுகளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது நானும் நாயும். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஆனாலும் மாலையில் கேட் ஓரம் நின்று ஆடுகளை எண்ணும் வேலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். மும்மூன்றாக எண்ணுவார். உதடு அசையும், சத்தம் வராது. அந்த நேரத்தில் யாராவது பேசினால் அன்று ராத்திரி முழுக்க வீட்டில் அமைதிதான்.

அப்பாவின் நாய் சங்கு. கழுத்தைச் சுற்றி வெள்ளை, மற்றபடி கறுப்பு. இப்போது பதின்மூன்று வயதாகி, காது மந்தமாகி, கொட்டகையில் வைக்கோல் பக்கமாகவே கிடக்கிறான். (நாயை அவன், அவள் என்று எழுதினால் அண்ணன் சிரிப்பான். சிரிக்கட்டும்.) சங்குவுக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது மொத்தம் ஆறு சொல்தான். போ, நில், மெதுவா, போதும். அப்புறம் சுற்றும் திசைக்கு இரண்டு. கடிகார முள் போகும் பக்கமாக ஆடுகளைச் சுற்றினால் "வலம்", எதிர்ப்பக்கம் என்றால் "இடம்". வலம் வருவது என்று ஒரு சொல் நம்மிடம் தயாராக இருக்கும்போது வேறு எதற்கு என்று அப்பா நினைத்தார். அது என்னவோ சரிதான். ஆனால் முந்நூறு மீட்டர் தள்ளி, காற்று எதிரே அடிக்கும்போது வலமும் இடமும் நாயின் காதில் ஒன்றாகத்தான் விழும். இரண்டிலும் கடைசியில் அந்த "அம்" மட்டும்தான் மிஞ்சும். சங்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் நின்று, அப்பாவின் கைத்தடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவான்.

நான் என் நாய் பொட்டுவைப் பழக்கத் தொடங்கியபோது உலகம் முழுக்க நாய் ஓட்டுகிறவர்கள் சொல்லும் "கம் பை", "அவே" இரண்டையும் எடுத்துக்கொண்டேன். கம் பை என்றால் வலம், அவே என்றால் இடம். சத்தத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததால் குழப்பம் வராது. தூரத்துக்கு விசில். பாதி நிலா மாதிரி மடித்த சின்னத் தகடு, நடுவில் ஓட்டை. நாக்கின் மேல் வைத்து உதட்டால் அழுத்தி ஊத வேண்டும். முதல் இரண்டு வாரம் எனக்கு வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தது. அண்ணி, "பிரஷர் குக்கர் பரவாயில்ல" என்றாள்.

பொட்டு வந்தபோது எட்டு வாரக் குட்டி. நெற்றியில் கட்டைவிரலால் அழுத்தி வைத்தது போல ஒரு வெள்ளை. ஐந்து மாதத்தில் வாத்துகளைப் பார்த்ததும் தலை தாழ்ந்தது, முன்னங்கால் ஒன்று அந்தரத்தில் நின்றது, கண் அசையவில்லை. இந்தப் பார்வையைத்தான் நாய் ஓட்டுகிறவர்கள் "கண்" என்று ஒரே சொல்லில் சொல்வோம். கண் உள்ள நாய் குரைக்காது, கடிக்காது, பார்த்தே ஆட்டை நகர்த்தும். பார்டர் கோலி என்ற ஆட்டு நாய் இனத்தின் மூதாதை என்று சொல்லப்படும் ஓல்ட் ஹெம்ப் 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்தது. அதன் தாய் மெக்குக்குக் கண் மிக அதிகம், தகப்பன் ராய்க்கு அது ஏறக்குறைய இல்லவே இல்லை என்பார்கள். குட்டியில் இரண்டும் கலந்து சரியான அளவில் நின்றது. பொட்டு அந்தத் தாய்ப் பக்கம். ஆட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே உறைந்துவிடுவாள். ஆடும் நிற்கும், இவளும் நிற்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி சாயங்காலம் வரை நிற்கத் தயார். "இது என்ன நாயா, போட்டோவா?" என்பான் அண்ணன்.

அந்த உறைதலை உடைக்கத்தான் நான் நிறையப் பேசத் தொடங்கினேன். வா, நட, இன்னும் நட, அவே, நில், நட. அவள் கேட்டாள். கேட்கிற நாய் கிடைத்தால் சொல்லிக்கொண்டே இருக்கத் தோன்றும். அந்தச் சமயத்தில்தான் முதல் போட்டிக்குப் போனேன். 41 மதிப்பெண் வாங்கித் தலைகுனிந்து வந்தேன், அதோடு பைத்தியம் பிடித்துக்கொண்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு கம்பத்தருகே நிற்க வேண்டும். ஆடுகள் முந்நூறு, நானூறு மீட்டர் தள்ளி நிற்கும். நாய் பேரிக்காய் வடிவத்தில் அகலமாகச் சுற்றிப் போய் அவற்றின் பின்னால் சேர வேண்டும். அது அவுட்ரன், 20 மதிப்பெண். நாயை உணர்ந்து ஆடுகள் முதல் அடி எடுத்து வைக்கும் நொடி லிஃப்ட், 10. இரண்டு தட்டிகளுக்கு நடுவே நேர்கோட்டில் உங்களிடம் கொண்டுவருவது ஃபெட்ச், 20. அப்புறம் உங்களைவிட்டு அப்பால் ஓட்டி, முக்கோணமாக இன்னும் இரண்டு ஜோடித் தட்டிகளைத் தாண்டித் திரும்பக் கொண்டுவருவது டிரைவ், 30. கடைசியில் ஒரு வட்டத்துக்குள் ஆடுகளைப் பிரிப்பது 10, பட்டியில் அடைப்பது 10. கூட்டினால் 100. நடுவர் 100இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார். நல்லது செய்தால் கூட்டுவது கிடையாது. தப்பை மட்டும் எண்ணும் மாமியார் கணக்கு. நாய் ஆட்டைக் காரணமில்லாமல் கடித்தால் அங்கேயே முடிந்தது, வெளியே போக வேண்டியதுதான்.

டிரைவுக்கு மட்டும் ஏன் 30 என்று போனால்தான் புரியும். ஆட்டை மனிதனிடம் கொண்டுவருவது இந்த நாய்களுக்குப் பிறவியிலேயே வரும். மனிதனிடமிருந்து அப்பால் ஓட்டிப் போவது அந்தப் பிறவிக் குணத்துக்கு நேர் எதிர். முழுக்கப் பழக்கித்தான் வரவைக்க வேண்டும். தட்டிகளுக்கு நடுவே இருப்பது ஆறேழு மீட்டர் இடைவெளி. கம்பத்தடியிலிருந்து பார்த்தால் அது இடைவெளியா, ஒரே பலகையா என்றே தெரியாது. ஆட்டின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அது திரும்பி முடிப்பதற்குள் நாய் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். விசில் அடித்துவிட்டு நாய் யோசிக்கக் காத்திருந்தால் தட்டி போச்சு.

அதனால் யோசிக்காமல் இருக்கப் பழக்கினேன். அப்போது இப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. 'கூர்மையாக்குகிறேன்' என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம், வாரத்தில் ஐந்து மாலை, பத்து ஆடுகளை வைத்துக்கொண்டு நேர்கோடு, நேர்கோடு, நேர்கோடு. பொட்டு அருமையாக வந்தாள். அரை மூச்சு விசிலுக்கு அரை அடி நகர்வாள். அடுத்தடுத்த போட்டிகளில் 60, 72, 81. 81 வாங்கிய தாளை அண்ணி குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டினாள்.

அப்புறம் அந்த மூடுபனி நாள்.

மேல் மேய்ச்சலிலிருந்து மந்தை முழுவதையும் கீழே இறக்க வேண்டும். அன்று 184. கம்பளி கத்தரிக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது, இரண்டு நாள் மழை வேறு. ஒவ்வொரு ஆடும் நனைந்த மெத்தை மாதிரி கனத்திருந்தது. கீழே கேட் பக்கம் நின்று பொட்டுவை அனுப்பினேன். பனி இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மேட்டின் முதுகில் மந்தை வெளுப்பாகத் திரண்டது தெரிந்தது, அதன் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி. கச்சிதமான அவுட்ரன், 20க்கு 19 போடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். நட என்று விசில் அடித்தேன்.

பொட்டு நடக்கவில்லை. நின்று, தலையைத் திருப்பி, பின்னால் பள்ளத்துப் பக்கம் பார்த்தாள். இரண்டு காதும் அந்தப் பக்கம் போயின. மூன்று நொடி இருக்கும். முயலோ, வாசமோ, கவனம் சிதறுகிறது என்று நினைத்தேன். மறுபடி அடித்தேன், கொஞ்சம் உறைப்பாக. அவள் என் பக்கம் திரும்பி, தலை தாழ்த்தி, மந்தையை நேர்கோட்டில் என்னிடம் கொண்டுவந்தாள்.

அப்பா கேட்டில் எண்ணினார். உதடு நின்றது.

"மூணு குறையுது."

இருட்டிவிட்டது. அண்ணன் டார்ச்சோடு மேட்டுக்குப் போய்ப் பனியில் ஒன்றும் தெரியாமல் திரும்பிவந்தான். காலையில் பள்ளத்தில் இரண்டு ஆடு நின்றுகொண்டிருந்தன. மூன்றாவது அவற்றின் நடுவே மல்லாந்து கிடந்தது, நாலு காலும் மேலே. ஈரக் கம்பளியோடு சரிவில் உருண்டு மல்லாந்துவிட்டால் செம்மறியால் தானாகப் புரண்டு எழ முடியாது. அசைபோடும் வயிற்றில் சேரும் காற்று வெளியேற வழியில்லாமல் உப்பி, நுரையீரலை அழுத்தும். சில மணி நேரம் போதும். நேரத்தில் பார்த்தால் ஒரு கையால் கம்பளியைப் பிடித்துப் புரட்டிவிட்டு, கால் ஊன்றும்வரை ஒரு நிமிடம் தாங்கிப்பிடித்தால் எழுந்து போய்விடும். அவ்வளவு சின்ன வேலை.

அப்பா குனிந்து காது வில்லையைக் கத்தரித்து எடுத்தார், கணக்கில் எழுத. எடுத்துக்கொண்டே, "பொட்டு சொல்லியிருப்பாளே" என்றார்.

"திரும்பிப் பார்த்தாப்பா. நான்தான் விசில் அடிச்சேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். சங்குவாக இருந்தால் விசில் என்ன, இடி விழுந்தாலும் அந்த மூன்றையும் விட்டு வந்திருக்க மாட்டான் என்பது எனக்கே தெரியும். பொட்டுவும் ஒரு வருடத்துக்கு முன்னால் வந்திருக்க மாட்டாள். கீழ்ப்படியாத நாயால் ஆடு செத்த கதை நிறையக் கேட்டிருக்கிறேன். என் ஆடு செத்தது நாய் கீழ்ப்படிந்ததால்.

அன்று விசிலைக் கயிறோடு கொட்டகை ஆணியில் மாட்டினேன். அந்தப் பருவத்துக்குப் பெயர் கொடுத்திருந்த போட்டிகளுக்கெல்லாம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

முதல் மாதம் கொடுமையாக இருந்தது. விசில் இல்லை, பேச்சும் குறைவு. பொட்டு பத்து அடிக்கு ஒரு தடவை நின்று என் முகத்தைப் பார்ப்பாள். ஆட்டைப் பார்க்க வேண்டிய கண் என்னைப் பார்த்தது. நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் படுத்துவிடுவாள். ஒரு நாள் நாற்பது ஆட்டை வரப்புக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, கல்சுவருக்குப் பின்னால் நான் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டு அனுப்பினேன். இருபது நிமிடம் கழித்துப் பன்னிரண்டு ஆட்டோடு வந்தாள். என்னைக் கண்டதும் வாலை ஒடுக்கிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பன்னிரண்டையும் அடைத்துவிட்டு, மறுபடி அனுப்பினேன்.

அவளை மாற்றியது இந்தப் பயிற்சி ஒன்றும் இல்லை. மருந்து ஊற்றுகிற வேலைதான். குறுகலான வேலிப் பாதையில் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். என் ஒரு கையில் மருந்துத் துப்பாக்கி, இன்னொரு கை ஆட்டின் தாடையில், குறி போடும் மெழுகுக் குச்சி பல்லில். பேச வாய் கிடையாது, காட்டக் கை கிடையாது. பின்னால் ஆடுகளைத் தள்ளிக்கொண்டு வருவது பொட்டுவின் பாடு. முதல் நாள் தள்ளவே இல்லை. இரண்டாம் நாள் அதிகமாகத் தள்ளி இரண்டு ஆடு ஒன்றின் மேல் ஒன்று ஏறின. நாலாம் நாள், வரிசை நின்றுபோனபோது, அவளாகவே வெளிப்பக்கமாக முன்னால் ஓடிவந்து, வரிசையின் தலையிலிருந்து வால் நோக்கிப் பின்னோக்கி நடந்தாள். ஒவ்வொரு ஆடும் அவள் தன் தோளைக் கடக்கும்போது ஓர் அடி முன்னால் போனது.

அந்தத் தோள் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டுக்குக் கண் பக்கவாட்டில். ஏறக்குறைய தன்னைச் சுற்றி முழுவதும் தெரியும், நேர் பின்னால் ஒரு கீற்று மட்டும் குருடு. ஒவ்வொரு ஆட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. அதற்குள் நாய் கால் வைத்தால் ஆடு விலகும். தோளுக்குப் பின்னால் வைத்தால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வைத்தால் பின்வாங்கும். இதை நான் படித்திருந்தேன். ஆனால் வாயில் மெழுகுக் குச்சியோடு, ஒரு கை தூரத்தில், பொட்டு முன்னங்காலை நகர்த்தாமல் எடையை மட்டும் இடமிருந்து வலமாக மாற்ற, ஒரு கிழட்டு ஆடு அதற்குத் தலையைத் திருப்பியதைப் பார்த்தது அன்றுதான். போட்டியில் முந்நூறு மீட்டருக்கு அப்பால் இது நடக்கும்போதெல்லாம் நான் விசில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குட்டி ஈனும் பருவம் வந்தது. செம்மறிக்குச் சினை 147 நாள் கணக்கு. கடைசி மாதத்தில் நாயை அவற்றின் பின்னால் விரட்ட விடுவதில்லை. ஈன்ற பிறகு வேறு தொல்லை. சாதாரணமாக நாயைப் பார்த்தாலே ஓடும் ஆடு, காலடியில் குட்டி இருந்தால் ஓடாது. முன்னங்காலைத் தரையில் தட்டும், அடுத்தது முட்டும். கண் அதிகமுள்ள நாய் அந்த நேரத்தில் முறைத்தால் சண்டைதான். பொட்டு முதல் தடவை முறைத்து, விலாவில் ஒரு முட்டு வாங்கி உருண்டாள். இரண்டு நாள் கழித்து அதே ஆடு, அதே கால் தட்டல். பொட்டு நின்றாள். பிறகு தலையை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பி, எங்கேயோ வேலியைப் பார்க்கிற மாதிரி நின்றாள். ஆடு கால் தட்டுவதை நிறுத்தியது. குட்டியை முகர்ந்தது. ஓர் அடி பின்னால் வைத்தது. பொட்டு வேலியைப் பார்த்தபடியே ஓர் அடி முன்னால் வைத்தாள். தாயும் குட்டியுமாகக் கொட்டகைக்குப் போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆனது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(இடையில் ஒன்று. ஈனும் பருவத்தில் செத்த ஆட்டின் உறுப்பு எதையும் நாய் தின்னவிடாதீர்கள். ஆட்டு உறுப்புகளைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை புல்லுக்கு வந்து ஆட்டில் நீர்க்கட்டியாகும், மனிதருக்கும் வரும். எங்கள் நாய்களுக்குப் பிரசிகுவாண்டெல் மாத்திரை தேதி தவறாமல் போகிறது. அண்ணன் ஆடுகளுக்குக் காட்டாத கண்டிப்பை இதில் காட்டுவான்.)

இவ்வளவும் நடந்த பிறகு போட்டியே பொய், பண்ணையே மெய் என்று நான் முடித்திருக்கலாம். அண்ணனும் அதைத்தான் எதிர்பார்த்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டு நாய்ப் போட்டி பண்ணை வேலைக்குள்ளிருந்து வந்ததுதான். 1873இல் வேல்ஸின் பாலாவில் முதல் பெரிய போட்டி நடந்தபோது வந்தவை மேய்க்கிற நாய்கள்தான், ஜெயித்ததும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் ட்வீட் என்ற நாய். 1906இல் சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கம் ஸ்காட்லாந்தில் தொடங்கியதும் மேய்ப்பவர்களுக்கு நல்ல நாய் கிடைக்க வேண்டும் என்றுதான். அந்தச் சங்கத்தின் இறுதிப் போட்டியில் ஒரு பகுதி உண்டு. இருபது ஆடு, பத்துப் பத்தாக இரண்டு இடத்தில். நாய் முதல் பத்தைக் கொண்டுவரும் வழியில் நிறுத்தி, அவற்றை விட்டுவிட்டு, கண்ணுக்கே தெரியாத இரண்டாவது பத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். "லுக் பேக்" என்பது கட்டளை. பின்னால் பார், இன்னும் இருக்கிறது. அப்புறம் இருபதையும் சேர்த்து, அதிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஐந்தை மட்டும் பிரிக்க வேண்டும்.

பின்னால் பார், இன்னும் இருக்கிறது. மூடுபனி நாளில் பொட்டு எனக்குச் சொன்னது இதைத்தான். நான் பயிற்சி கொடுத்த அளவுப் போட்டிகளில் அந்தக் கட்டளை வராது என்பதால் சொல்லிக்கொடுக்காமலே விட்டிருந்தேன்.

அப்பாவிடம் கேட்டேன், சங்குவுக்கு இதற்கு என்ன சொல்வீர்கள் என்று. "அதுக்கென்ன கட்டளை. இன்னும் இருக்குடான்னு சொல்வேன், போவான்" என்றார். சரி, "இன்னும்" என்றே வைத்துக்கொண்டேன். காற்றில் போனாலும் அந்த "ன்னு" தனியாகக் கேட்கிறது. இரண்டு சின்னக் கூட்டமாக ஆடுகளை நிறுத்தி, ஒன்றைப் பாதி வழியில் விடச் சொல்லி, "இன்னும்" என்று இன்னொன்றைக் காட்டினேன். முதல் வாரம் அவளால் நம்ப முடியவில்லை. கையில் இருக்கும் ஆட்டை விட்டுவிட்டா? திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்று வாரத்தில் பிடிபட்டது. அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. நான் சொல்லாமலே நின்று பின்னால் பார்க்கத் தொடங்கினாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நான் காத்திருப்பேன். இரண்டு தடவை இருந்தது.

பதினாலு மாதம் கழித்து விசிலை ஆணியிலிருந்து எடுத்தேன். துரு இல்லை, சிலந்திக்கூடுதான். போட்டி அன்று என் வண்டி கிளம்பாமல் போக, அண்ணன் முனகிக்கொண்டே தன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். வந்தவன் திரும்பிப் போகாமல் வேலி ஓரம் நின்றான்.

அவுட்ரன் நன்றாக இருந்தது. லிஃப்ட் மெதுவாக, அழகாக. ஃபெட்ச் தொடங்கி முப்பது மீட்டரில் ஐந்தாவது ஆடு ஒன்று பிய்த்துக்கொண்டு, ஏற்கெனவே ஓடிமுடித்த ஆடுகள் அடைத்திருந்த பக்கம் ஓடியது. இதற்குப் போட்டிக்காரர்கள் செய்வது சட்டென்று ஒரு விசிலில் நாயைக் குறுக்கே வெட்டவிட்டு, மற்ற நாலையும் கோட்டிலிருந்து நகரவிடாமல் ஒட்டிச் சேர்ப்பது. என் நாக்கில் விசில் இருந்தது. அடிக்க ஒரு நொடி தாமதித்தேன். அதற்குள் பொட்டு நின்று, திரும்பிப் பார்த்து, எங்கள் மேட்டில் செய்வது போலவே அகலமாகச் சுற்றிப் போய் அந்த ஒன்றை அமைதியாக அழைத்துவந்தாள். அவசரமே இல்லை. அதற்குள் நாலும் மேய்ந்துகொண்டே இருபது மீட்டர் நகர்ந்துவிட்டன. தட்டி தவறியது. ஃபெட்ச்சில் 20க்கு 11.

டிரைவ் சுமார், 22. பிரிக்கும் வட்டத்தில்தான் அண்ணனின் குரல் முதல்முறையாகக் கேட்டது. ஆடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி திறக்கும் நேரம் பார்த்து, நாயை அதன் வழியாக என்னிடம் அழைக்க வேண்டும். நாயின் குணம் ஆடுகளைச் சேர்ப்பது. நடுவில் புகுந்து உடைப்பது அதற்குப் பிடிக்காத வேலை. பொட்டு ஒரு தடவை தயங்கினாள், இரண்டாவது தடவை பாய்ந்து வந்தாள், ஆனால் கோணலாக. "அட, நம்ம நொண்டி ஆட்டைப் பிரிக்கிறதுதான இது!" என்று வேலியிலிருந்து சத்தம். கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்து அடுத்த கட்டளை குழறியது. அதற்கு 4. பட்டியில் அடைக்கும்போது கதவில் கட்டியிருக்கும் ஆறடிக் கயிற்றைக் கைவிடாமல் நின்றேன், பொட்டு காலை மாற்றி மாற்றி வைத்து ஐந்தையும் உள்ளே விட்டாள், 9.

மொத்தம் 73. எனக்கு முன்னால் பதினோரு பேர்.

வரும் வழியில் அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அஞ்சாவதைக் கூட்டிவரப் போனதுக்கா மார்க் குறைச்சாங்க?" என்றான்.

"போனதுக்கு இல்ல அண்ணா. போன விதத்துக்கு."

"நல்லா இருக்கு நியாயம்."

நடுவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். அகலமாகச் சுற்றினால் நேரம் போகும், மற்றவை சிதறும், பண்ணையிலும் அது பிழைதான், நான் நேரத்தில் ஒரு விசில் கொடுத்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும் என்றெல்லாம். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னால் பொட்டு தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

மதிப்பெண் தாளை அவன் வண்டியிலேயே மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கொட்டகையில், மருந்துப் பெட்டி மேல் கிடந்தது. பின்பக்கத்தில் அண்ணனின் பென்சில் எழுத்து. குடற்புழு மருந்து எத்தனை மில்லி, எத்தனை ஆட்டுக்கு என்ற கணக்கு. அதற்குக் கீழே அந்த வாரம் மேல் மேய்ச்சலிலிருந்து இறக்கிய அன்று எழுதியது: மேலே விட்டது 176. கேட்டில் அப்பா எண்ணியது 176.